கம்பியில்லாச் சோல்டரிங் அயன் தெரிவு: யாழ்ப்பாணத்து வாசகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோண்டாவில் பக்கத்துத் தோட்டக் கிணற்றடியில் மோட்டரின் கொன்ட்ரோல் பெட்டிக்குள் ஒரு வயர் கழன்று நிற்கும். குருநகர்க் கரையில் படகின் ஜி.பி.எஸ் கருவிக்குப் போகும் வயர் உப்புப் பிடித்து அறுந்திருக்கும். கூரையில் ஏற்றிய சோலர் விளக்கின் சேர்க்கிட் போட்டில் ஓர் இணைப்பு வெடித்திருக்கும். இந்த இடங்களில் ஈயம் உருக்கி ஒட்டும் சோல்டரிங் அயனைச் செருக 230 வோல்ற் பிளக் பொயின்ற் பக்கத்தில் இருக்காது. வீட்டு மேசையிலும் கரண்ட் எந்நேரமும் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும்.

கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாற்?" என்றுதான். பெட்டியில் அச்சடித்திருக்கும் வாற், மிக நல்ல மின்மூலம் கிடைத்தால் அந்த அயன் எடுக்கக்கூடிய உச்சம் மட்டுமே. உங்கள் கையில் அது தரப்போகும் வலுவைத் தீர்மானிப்பவை இரண்டு: மின்மூலம் கொடுக்கும் வோல்ற், பிட்டின் (ஈயத்தை உருக்கும் சூடான முனையின்) தடை. ஆகவே மின்மூலத்தில் தொடங்கி, பிட்டுக்கு வந்து, கம்பனிப் பெயரைக் கடைசியில் பாருங்கள். கீழே உள்ள படிகளும் அந்த ஒழுங்கில்தான் போகின்றன.

படி 1: செய்யப்போகும் வேலைகளை எழுதுங்கள்

ஆடுயினோ, ஈ.எஸ்.பி.32 போன்ற சிறிய கணினிப் போட்டுகளுக்கு ஊசிக்கால் வரிசை வைப்பது, எல்.ஈ.டி, சென்சர் வயர், சிறிய தடையிகள் ஆகியவற்றுக்கு 15 முதல் 20 வாற் போதும். பழைய ரவுட்டரின் பவர் ஜாக்கைக் கழற்றுவது, ரீ.வி. பவர் போட்டில் கப்பாசிட்டர் மாற்றுவது என்று வந்தால், போட்டின் கிரவுண்ட் செம்புப் பரப்பு சூட்டை உறிஞ்சிவிடும். அதற்கு 40 வாற்றுக்குக் குறையக்கூடாது. ட்ரோன் பற்றரிகளுக்குப் போடும் எக்ஸ்.ரி.60 கொனெக்டர், 4 சதுர மில்லிமீற்றர் வயர் போன்றவற்றுக்கு 60 வாற்றும் அகலமான பிட்டும் வேண்டும்.

இரண்டு வேலைகளைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். சோலர் தகட்டின் எம்.சி.4 கொனெக்டரை ஈயம் வைத்து இணைக்கக்கூடாது, அது நெரித்து இறுக்கி, அதாவது கிரிம்ப் பண்ணவேண்டியது. 18650 எனும் உருளை லித்தியம் மின்கலத்தின் முனையில் நேரடியாக ஈயம் வைப்பதும் வேண்டாம். உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் படலம் சூட்டில் பழுதாகி, மின்கலம் உள்ளேயே சோட் ஆகலாம். அதற்கு நிக்கல் பட்டியும் ஸ்பொட் வெல்டரும்தான் முறை.

படி 2: எந்த வகை என்று முடிவெடுங்கள்

சந்தையில் இருப்பவை நான்கு வகை.

பியூட்டேன் வாயு அயன். வயரும் இல்லை, பற்றரியும் இல்லை. கூரை, கோபுரம், படகு என்று வெளி வேலைக்கு உறுதியானது. ஆனால் பிட்டின் வெப்பநிலையைப் பாகைக் கணக்கில் அமைக்க முடியாது, வாயுவைக் கூட்டிக் குறைத்துக் கைப்பழக்கத்தில்தான் பிடிக்க வேண்டும். பக்கத்துத் துவாரத்தால் வரும் சூடான காற்று, அருகிலுள்ள வயர் உறையையும் பிளாஸ்ரிக் சொக்கெற்றையும் உருக்கிவிடும். நெருக்கமான போட் வேலை செய்கிறவருக்கு இது ஒன்றே போதாமல் போவதற்கு முக்கிய காரணம் அந்தத் துவாரம்தான். மலிவான வாயுவில் உள்ள எண்ணெய்ப் பசை ஜெற்றை அடைத்துவிடும் என்பதால் வடிகட்டிய வாயுவே போடுங்கள். வாயு ஏற்றுவதற்கு முன் அயன் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஏற்றியபின் சில நிமிடங்கள் விட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வாயுக் குப்பியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

உள்ளேயே பற்றரி உள்ள அயன். பார்க்க அழகு, பையில் போடச் சுகம். பெரும்பாலானவற்றில் ஒரு லித்தியம் மின்கலம்தான் இருக்கிறது. 2000 மில்லி அம்பியர் மணி மின்கலம் என்றால் 3.7 வோல்ற்றில் 7.4 வாற் மணி. 8 வாற் எடுக்கும் அயன் தொடர்ந்து எரிந்தால் ஒரு மணித்தியாலம்கூட நிற்காது. அதைவிடப் பெரிய குறை வேறொன்று. மின்கலம் 4.2 வோல்ற்றில் தொடங்கி 3.3 வரை இறங்கும்போது, வோல்ற்றைச் சீராக்கும் சுற்று உள்ளே இல்லாத அயனில் வலு ஏறக்குறைய 38 வீதம் குறைந்துவிடும். முதல் பத்து நிமிடம் நன்றாக உருகிய ஈயம் பிறகு பிட்டில் ஒட்டி இழுபடுவது இதனால்தான். மெல்லிய வயர் இரண்டை அவசரத்துக்கு இணைப்பது மட்டுமே உங்கள் தேவையென்றால் வாங்கலாம். மற்றபடி வேண்டாம்.

ட்ரில் பற்றரியில் ஓடும் அயன். 12 அல்லது 18 வோல்ற் பற்றரி ஏற்கனவே உள்ளவருக்கு நல்ல வலு கிடைக்கும். நுண் வேலைக்குப் பருமன் அதிகம்.

ரைப்-சி அயன். பேனா அளவான கைப்பிடி, உள்ளே வெப்பநிலைக் கட்டுப்பாடு, மின்சாரம் பவர் பாங்கில் இருந்து. பைன்64 இன் பைன்சில், மினிவேரின் ரி.எஸ்.101 போன்றவை இந்த வகை. அயனுக்கும் பவர் பாங்குக்கும் இடையே ஒரு மீற்றர் கேபிள் இருக்கிறதே, இது எப்படிக் கம்பியில்லாதது என்று கேட்கலாம். பவர் பாங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டால் அந்தக் கேள்வி எழாது. மேலே சொன்ன வேலைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்த வகைதான் எங்கள் தெரிவு. மீதிப் படிகளும் இதைப் பற்றியே.

படி 3: வலுவைக் கணக்குப் போடுங்கள்

வோல்ற்றை வோல்ற்றால் பெருக்கி, பிட்டின் தடையால் வகுத்தால் வாற். பைன்சிலும் பழைய ரி.எஸ்.100 உம் பயன்படுத்தும் நீளப் பிட்டின் தடை ஏறக்குறைய 8 ஓம். பைன்சிலுக்கு வரும் குட்டைப் பிட் 6.2 ஓம். நீளப் பிட்டுக்குக் கணக்கு இப்படி வரும்:

9 வோல்ற்: 10 வாற்
12 வோல்ற்: 18 வாற்
15 வோல்ற்: 28 வாற்
20 வோல்ற்: 50 வாற்
24 வோல்ற்: 72 வாற்

அதே அயன், அதே பிட், ஆனால் 9 வோல்ற்றுக்கும் 20 வோல்ற்றுக்கும் இடையே வலு ஐந்து மடங்கு. "இந்த அயன் சரியில்லை, சூடேறுதில்லை" என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதிக்கு விடை இந்த ஐந்து வரிகளில் இருக்கிறது. குட்டைப் பிட் போட்டால் 20 வோல்ற்றில் 64 வாற் கிடைக்கும், ஆனால் அதற்கு 3.2 அம்பியர் தரக்கூடிய மூலம் வேண்டும்.

படி 4: பவர் பாங்கின் அடியில் உள்ள எழுத்தை வாசியுங்கள்

பவர் பாங்கைத் திருப்பி, சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும் வெளியீட்டு வரியைப் பாருங்கள். அதில் ரைப்-சி பக்கத்துக்கு நேரே 20 வோல்ற் என்ற வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

22.5 வாற் என்று பெரிதாக எழுதியவை கடைகளில் நிறைய. அந்த 22.5 சில கைப்பேசிகளுக்கான தனி வேகச் சார்ஜ் முறைக்குரியது. ரைப்-சி வழியே இரு கருவிகளும் பேசி வோல்ற்றை முடிவுசெய்யும் பவர் டெலிவரி, சுருக்கமாகப் பி.டி, முறையில் அவை தருவது பொதுவாக 9 வோல்ற் அல்லது 12 வோல்ற் மட்டும். அயனுக்கு 10 முதல் 18 வாற்றுக்கு மேல் போகாது. 45 வாற் பவர் பாங்கில் 20 வோல்ற் வரி இருந்தாலும் அதில் 2.25 அம்பியர்தான் இருக்கும். 8 ஓம் பிட் 20 வோல்ற்றில் 2.5 அம்பியர் கேட்கும். கேட்டது கிடைக்காததால் சில அயன்கள் 15 வோல்ற்றுக்கு இறங்கி 28 வாற்றோடு நின்றுவிடும். ஆகவே 65 வாற், அதாவது 20 வோல்ற் 3.25 அம்பியர் என்று எழுதியதை வாங்குங்கள். அது இரண்டு வகைப் பிட்டுக்கும் சரி.

கொள்ளளவு 20,000 மில்லி அம்பியர் மணி போதும். உள்ளே இருக்கும் மின்கலங்களின் 3.7 வோல்ற்றில் அது 74 வாற் மணி. வோல்ற்றை உயர்த்தும்போது ஏற்படும் இழப்புப் போக 60 வாற் மணிக்குக் கொஞ்சம் மேல் கையில் கிடைக்கும். அயன் சூடேறும் முதல் சில விநாடிகள் மட்டும்தான் முழு வலுவை இழுக்கும். பிறகு சராசரி 12 முதல் 15 வாற்றுக்குள் நிற்பதால் நான்கு மணித்தியால வேலைக்குப் பயமில்லை.

கேபிளும் கணக்கில் சேரும். இரு முனையும் ரைப்-சி ஆக இருக்க வேண்டும். ஒரு முனை பழைய சதுர யு.எஸ்.பி என்றால் பி.டி பேச்சுவார்த்தை நடக்காது. 65 வாற்றுக்கு 3 அம்பியரைத் தாண்டுவதால் 100 வாற் என்று குறித்த கேபிள் எடுங்கள். கைப்பிடியில் விறைத்து நிற்காத சிலிக்கோன் உறைக் கேபிள் கிடைத்தால் அதையே தெரிவுசெய்யுங்கள். பிட் தவறிப் பட்டாலும் அது உடனே உருகாது.

வீட்டில் சோலர் அல்லது இன்வேர்ட்டருக்கான 12 வோல்ற் பற்றரி உள்ளவர்கள் பலர். பைன்சிலில் 5.5 × 2.5 மில்லிமீற்றர் வட்டச் செருகியும் இருப்பதால் 5 அம்பியர் பியூஸ் ஒன்றோடு நேரே கொடுக்கலாம், ஆனால் கிடைப்பது 18 முதல் 23 வாற்தான். இரண்டு பற்றரியைத் தொடராக்கி 24 வோல்ற் எடுக்கலாமே என்ற யோசனை ஆபத்தானது. சோலரில் சார்ஜ் ஆகும்போது 24 வோல்ற் தொகுதி 28 வோல்ற்றையும் தாண்டும். அந்தச் செருகியின் எல்லை 24 வோல்ற். அயன் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். வட்டச் செருகியையும் ரைப்-சியையும் ஒரே நேரத்தில் செருகுவதும் கூடாது.

படி 5: பிட்டைத் தெரிவுசெய்யுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் ஊசி போன்ற கூர்முனைப் பிட்டைக் கேட்டு வாங்குகிறார்கள். நுண்ணிய வேலைக்கு நுண்ணிய முனை என்ற எண்ணம். சூடு போவது தொடுபரப்பினூடாக. ஊசிமுனை ஈயத்தடத்தைத் தொடும் பரப்பு மிகச் சிறிது. அதனால் ஈயம் உருகத் தாமதமாகும், நீங்கள் வெப்பநிலையைக் கூட்டுவீர்கள், பிட் கருகும், தடமும் கழன்று வரும். 2.4 மில்லிமீற்றர் தட்டை உளிமுனை, அதாவது டி24 என்று குறித்தது, பத்தில் எட்டு வேலைக்குப் போதும். இரண்டாவதாகச் சரிவாக வெட்டிய பி.சி.2 அல்லது கத்திபோன்ற கே வகை ஒன்றை எடுங்கள். பல கால்கள் உள்ள ஐ.சி.களுக்குக் கே வகை பெரிய உதவி. ஊசிமுனை மூன்றாவதாக வந்தால் போதும்.

சில புதிய கைப்பிடிகள் சி210, சி245 எனும் கார்ட்ரிஜ் பிட்டுகளை ஏற்கின்றன. சி210 நுண் வேலைக்கு, சி245 பருமனான இணைப்புக்கு. எந்த அயனாக இருந்தாலும், அதன் பிட் வேறு கம்பனிகளாலும் செய்யப்படுகிறதா என்று வாங்குமுன் பாருங்கள். தனக்கென்றே ஒரு பிட் வகை வைத்திருக்கும் அயன், அந்தப் பிட் வராமல் போன நாளோடு பயனற்றுவிடும்.

படி 6: கைப்பிடி

பேனா பிடிப்பதுபோலப் பிடித்து, விரல்நுனிக்கும் பிட்டின் நுனிக்கும் இடையிலான தூரத்தைப் பாருங்கள். தூரம் குறையக் குறையக் கை நடுக்கம் குறையும். பிட் பொருத்திய இடத்தில் ஆட்டம் இருக்கக்கூடாது. அசைவறியும் உணரி உள்ளே இருக்க வேண்டும், அயனை வைத்துவிட்டால் தானாக அணைவது அதனால்தான்.

படி 7: காசு கொடுக்குமுன் கடையிலேயே சோதியுங்கள்

பழுதான ரவுட்டரின் போட் ஒன்று, 0.8 மில்லிமீற்றர் ஈயக் கம்பி கொஞ்சம், ஒரு மல்ரிமீற்றர், உங்கள் சொந்தப் பவர் பாங்க், கேபிள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். யாழ் நகரக் கடையோ கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவோ, கேட்டால் சோதிக்க விடும் கடையில் வாங்குவதே நல்லது.

முதலில் பிட்டைக் கழற்றி, பின்பக்கத்து இரண்டு உலோகத் தொடுகைகளுக்கு இடையே தடையை அளந்து பாருங்கள். மீற்றர் வயர்களை ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் தடையைக் கழித்தபின் 8 ஓம் அல்லது 6.2 ஓம் அருகே வர வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் உள்ளே சூடாக்கி அறுந்திருக்கிறது.

பிறகு பவர் பாங்கோடு இணைத்துத் திரையில் உள்ளீட்டு வோல்ற்றைப் பாருங்கள். 20 என்று காட்டினால் பேச்சுவார்த்தை சரி. 5 அல்லது 9 என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இப்போது முக்கியமான சோதனை. 320 பாகையில் வைத்து, உளிமுனையில் ஒரு துளி ஈயம் பூசி, ரவுட்டர் போட்டில் பவர் ஜாக்கின் கிரவுண்ட் காலில் தட்டைப் பக்கத்தை அழுத்தாமல் வையுங்கள். கண் திரையில் இருக்கட்டும். எண் 320 இலிருந்து 300 அருகே இறங்கி, இரண்டு மூன்று விநாடியில் திரும்பி ஏறத் தொடங்கினால், ஈயமும் ஓரத்தில் மங்கல் மாறிப் பளபளத்து உருகினால், அந்த அயனும் பவர் பாங்கும் உங்கள் வேலைக்குத் தாங்கும். எண் 270க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் வலு போதாது. எண் அசையாமல் 320 இலேயே நிற்க, ஈயமோ உருகாமல் இருந்தால், வெப்ப உணரிக்கும் பிட்டின் நுனிக்கும் இடையே சூடு சரியாகப் போகவில்லை. அது மோசமான பிட்.

வெளிநாட்டு உறவுகள் மூலம் எடுப்பிப்பவர்கள் அவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: பவர் பாங்க் கைப்பையில் மட்டும்தான் வரலாம், 100 வாற் மணிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், 74 வாற் மணி அதற்குள் அடங்கும். உள்ளே பற்றரி இல்லாத அயனைப் பெட்டிக்குள் வைக்கலாம். பியூட்டேன் குப்பி எந்தப் பையிலும் வராது, வாயு அயன் வாங்குபவர் வாயுவை இங்கேயே தேட வேண்டும். லண்டன் சார்ஜர் எங்கள் 13 அம்பியர் பொயின்றில் அப்படியே செருகும். கனடாவின் தட்டைக் கால் சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும், அதில் 100 முதல் 240 வோல்ற் என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 8: முதல் நாள் அமைப்பு

63 வீதம் வெள்ளீயமும் 37 வீதம் ஈயமும் கலந்த 63/37 ஈயம் 183 பாகையில் உருகும். அதற்குப் பிட்டை 320 இல் வையுங்கள். ஈயமற்ற வகைகள் 217 முதல் 227 பாகைக்குள் உருகுவதால் 350 முதல் 370 தேவை. புதிய பிட்டை முதன்முறை சூடாக்கும்போதே, 200 பாகையைத் தாண்டும் நேரத்தில் ஈயக் கம்பியைத் தொட்டுக்கொண்டே இருங்கள். ஈயம் பூசாமல் முழுச் சூட்டுக்குப் போன பிட் கறுத்துவிடும்.

பைன்சில், ரி.எஸ்.101 போன்றவற்றில் அயன்-ஓ.எஸ் எனும் திறந்த மென்பொருள் ஓடும். அதில் உறக்க வெப்பநிலையை 150 இலும், உறக்க நேரத்தை ஒரு நிமிடத்திலும், முழுதாக அணைவதைப் பத்து நிமிடத்திலும் வையுங்கள். லித்தியம் பற்றரிப் பொதியை வட்டச் செருகியில் கொடுப்பவர், எத்தனை மின்கலத் தொடர் என்பதையும் அதில் குறிக்க வேண்டும். அப்போதுதான் பற்றரி அளவுக்கு மீறி இறங்குமுன் அயன் நிற்கும்.

உபயோகிக்கும் நேரத்தில் பவர் பாங்கைச் சுவர்ச் சார்ஜரில் போட்டு வைக்காதீர்கள். இரண்டு கால் சார்ஜர்களில் இரைச்சல் தடுப்பதற்கு ஒரு கப்பாசிட்டர் உண்டு. அதனால் வெளியீட்டுப் பக்கம் நிலத்துக்குச் சார்பாக 100 வோல்ற் அளவில் மிதக்கும். கையில் மெல்லிய கூச்சம் தெரிவதும் அதனால்தான். மின்னோட்டம் மிகச் சிறிது, ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் போட்டில் உள்ள மொஸ்பெற் எனும் திரான்சிஸ்டரின் கேற் முனை பொதுவாக 20 வோல்ற்றுக்கு மேல் தாங்காது. சுவரில் இருந்து கழற்றிய பவர் பாங்கில் இந்தச் சிக்கலே கிடையாது. கம்பியில்லா அயனின் பெரிய நன்மைகளில் ஒன்று இது, பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

வழக்கமாக வரும் பழுதுகள்

வேலைக்கு நடுவே அயன் திடீரென அணைந்து மீண்டும் தொடங்குகிறதா? பவர் பாங்கின் மற்றத் துளையில் யாரோ கைப்பேசியைச் செருகியிருப்பார்கள். இரண்டாவது கருவி வந்ததும் பல பவர் பாங்குகள் வோல்ற்றைப் புதிதாகப் பேசித் தீர்மானிக்கும், அந்தக் கணத்தில் அயன் ரீசெற் ஆகும்.

உறக்கத்தில் விட்டபின் எழும்பவில்லையா? அயன் இழுக்கும் மின்னோட்டம் குறைந்ததும் பவர் பாங்க் வேலை முடிந்ததென்று தன்னை அணைத்துவிட்டது. அயன்-ஓ.எஸ் அமைப்பில் இடைக்கிடை ஒரு சிறு மின் துடிப்பு இழுக்கும் தெரிவு இருக்கிறது, அதைப் போட்டால் தீரும்.

பிட்டில் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடினால் பிட் ஒட்சைட்டு பிடித்திருக்கிறது. பித்தளை நாரில் துடைத்து, பிளக்ஸ் (ஒட்சைட்டை நீக்கி ஈயத்தை ஒட்டச்செய்யும் பொருள்) உள்ள ஈயத்தைத் தாராளமாகப் பூசி, மீண்டும் துடையுங்கள். அரத்தாலோ மண்தாளாலோ தேய்க்கவே கூடாது. செம்பின்மேல் உள்ள மெல்லிய இரும்புப் பூச்சுப் போய்விட்டால் பிட்டை ஈயமே அரித்துக் குழியாக்கும். ஹார்ட்வெயார் கடையில் தகர வேலைக்கு விற்கும் அமிலப் பேஸ்ற்றும் இதே கேட்டைச் செய்யும், போட்டின் தடங்களையும் அரிக்கும். றோசின் வகைப் பிளக்ஸையே கேட்டு வாங்குங்கள்.

சரியான அயனிலும் சூடு போதாததுபோல இருந்தால் தலைக்குமேல் சுழலும் காற்றாடியைப் பாருங்கள். அதை நிறுத்திவிட்டு, புகை முகத்தில் படாமல் பக்கவாட்டில் ஒரு சிறு விசிறி வைத்தால் போதும். 350 பாகையில் ஈய உலோகம் மூச்சுக்குள் போகும் அளவுக்கு ஆவியாகாது, கண்ணைக் கரிப்பது பிளக்ஸின் புகை. ஈயம் உடலுக்குள் போவது கையினூடாகத்தான். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள், சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் மேசையையும் ஈரத் துணியால் துடையுங்கள்.

இலேசான அயன் மேசையில் உருளும், கேபிள் இழுத்தால் மடியில் விழும். பாரமான தாங்கி ஒன்று இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

கடலோரக் காற்றின் உப்பு, பிட்டின் பின்பக்கத் தொடுகைகளிலும் ரைப்-சி துளையிலும் படியும். அணைக்குமுன் பிட்டில் ஒரு பெரிய துளி ஈயத்தைத் துடைக்காமல் விட்டு, ஆறியபின் மூடி இறுக்கமான பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். தொடுகைகளை மாதத்துக்கு ஒருமுறை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடையுங்கள். பல வாரம் எடுக்கப்போவதில்லை என்றால் பவர் பாங்கை நிறையச் சார்ஜ் பண்ணி வைக்காமல், பாதியளவில், தகரக் கூரைச் சூடு படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.